கடைசித் துணி யாருக்கு

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லி வைத்த பெரியவர்கள், பாடைக்கு எப்படி என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சொல்லியிருந்தால் லம்யாய்க்கு அந்த வியாழக்கிழமை அவ்வளவு வியர்த்திருக்காது.

லம்யாயின் அம்மா தோங்பாய், படகுத்துறையில் நாற்பது வருஷம் வாழையிலையில் மடித்து அவித்த இனிப்புச் சோறு விற்றவள். திங்கட்கிழமை காலையில் இலை துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கத்துத் தூணில் சாய்ந்துவிட்டாள். எழுபத்தாறு வயது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சாவு என்று ஊர் சொன்னது. தொந்தரவையெல்லாம் உயிரோடு இருந்தபோதே கொடுத்து முடித்துவிட்டாள் என்று துறைக்காரர்கள் சொன்னார்கள். அவளுடைய நாக்கு அப்படி.

வியாழக்கிழமையே எரித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை எந்த விகாரையிலும் எரிக்க மாட்டார்கள். சனிக்கிழமை பௌர்ணமி, அன்றைக்கும் கிடையாது. ஞாயிறு வரை வைத்தால் லம்யாயின் தம்பி இருக்க மாட்டான். தைவானில் தொழிற்சாலை வேலை அவனுக்கு. கெஞ்சிக் கூத்தாடி மூன்று நாள் லீவு வாங்கி வந்திருந்தான், வியாழன் இரவு பாங்காக்கில் விமானம் ஏற வேண்டும். ஐந்து வருஷமாக அம்மாவைப் பார்க்காதவன், நெருப்பையாவது பார்க்க வேண்டாமா. தலைமை பிக்கு ஐந்து மணிக்கு நகரத்து விகாரைக்குக் கிளம்புவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆக நாலு மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் தகன அடுப்பின் கதவு சாத்தியாக வேண்டும். லம்யாய்க்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அது ஒன்றோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பக்கத்துக் கடை பென்சியின் புருஷன் போன வருஷம் இறந்தபோது வட்டாரத் துணை அதிகாரி வந்து தலைமை தாங்கினார். அன்றிலிருந்து பென்சி பேச்சை எங்கே தொடங்கினாலும், மழையில் தொடங்கட்டும், மீனில் தொடங்கட்டும், மருமகளில் தொடங்கட்டும், துணை அதிகாரி காரிலிருந்து இறங்கிய இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துவாள். ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு லம்யாயின் காது காய்த்துப் போயிருந்தது. அம்மா போன துக்கத்துக்கு நடுவிலும், அந்தக் காது மட்டும் தனியாக ஒரு கணக்குப் போட்டது.

நம்ம பக்கத்துத் தகன வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியை மேடைமேல் ஏற்றிய பிறகு, அழைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகப் படியேறிப் பெட்டிக்கு முன்னால் காவித் துணி ஒன்றை வைப்பார்கள். ஒரு பிக்கு வந்து அதை எடுத்துக்கொள்வார். சின்னவர் முதலில் ஏறுவார், பிறகு அவரைவிடப் பெரியவர். எல்லாரிலும் பெரியவர் கடைசி. அந்தக் கடைசி ஆள்தான் தலைவர், முதல் நெருப்பைத் தொட்டு வைப்பவரும் அவரே. ஆகவே எங்கள் விகாரையில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கைகூப்பி, 'நீங்க முதல்ல ஏறுங்க' என்று சொன்னால், அதில் மரியாதை கொஞ்சமும் அறை அதிகமும் இருக்கும்.

லம்யாய் முதலில் போனது கம்னான் உதோமிடம். கம்னான் என்பது பதவி, பன்னிரண்டு கிராமத்துக்குத் தலைவர் அவர். வீட்டு வாசலில் தன் வெள்ளைச் சேவலுக்கு முதுகு நீவிக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமையா," என்றார். "வியாழக்கிழமை வட்டார ஆபீஸ்ல கூட்டம் இருக்கேம்மா. பார்க்கலாம்."

"நீங்கதான் தலைமை தாங்கணும், கம்னான். அம்மாவுக்கு வேற யாரு இருக்கா."

"பார்க்கலாம் பார்க்கலாம்," என்று சேவலிடம் சொன்னார்.

பெரிய மனிதர்களின் அகராதியில் 'வருகிறேன்' என்ற சொல் கிடையாது. கேட்டவுடன் ஒப்புக்கொண்டால் வேறு வேலை இல்லாதவர் என்று ஆகிவிடும் அல்லவா. லம்யாய்க்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் இரவெல்லாம் தூக்கமில்லை. கம்னான் வராவிட்டால் தலைவர் இல்லாத தகனம் ஆகிவிடும், பென்சிக்கு இன்னொரு வருஷத்துக்குப் பேச்சு கிடைத்துவிடும். விடிந்ததும் புருஷன் தவீயை கர்னல் சனோங்கிடம் அனுப்பினாள். போலீஸில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாங்கிய பதக்கங்களுக்கு வீட்டில் தனியாக ஒரு கண்ணாடி அலமாரி.

தவீ திரும்பி வந்தான்.

"என்ன சொன்னாரு?"

"முட்டி வலியாம். உடம்பு இடம் கொடுத்தா பார்க்கிறேன்னாரு."

"வருவாரா, மாட்டாரா?"

"முட்டியத்தான் கேட்கணும்."

ஒருவருக்குக் கூட்டம், ஒருவருக்கு முட்டி. இரண்டில் ஒன்றாவது இடம் கொடுக்கும் என்று லம்யாய் சாமியைக் கும்பிட்டாள். இரண்டுமே இடம் கொடுத்துவிட்டது.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்குக் கம்னான் தன் வண்டியில் வந்து இறங்கினார். காக்கி அரசு உடுப்பு, மார்பில் வண்ணப் பட்டைகள், காலில் கண்ணாடிபோல ஷூ. கூட்டத்தை ரத்து செய்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர் முன்வரிசையில் நட்ட நடுவில் இருந்த பெரிய மர நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மூக்கில் உறிஞ்சும் மருந்துக் குப்பியைத் திறந்து ஓர் இழுப்பு இழுப்பதற்குள், பின்வாசல் வழியாகக் கர்னல் வந்தார். அவரும் உடுப்புதான். கம்னானைவிட இரண்டு வரிசைப் பட்டை அதிகம். முட்டி சற்று மடங்கியது, முதுகு மடங்கவில்லை.

லம்யாய் அவரைப் பார்த்தாள். தவீயைப் பார்த்தாள். தவீ கூரையைப் பார்த்தான்.

"நீதானே கூப்பிடச் சொன்னே," என்றான் அவன், கூரையிடம்.

அந்த நடு நாற்காலிக்கு அருகில் சரிசமமாக இன்னொரு நாற்காலியைப் போட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். கம்னான் கர்னலின் முட்டியை விசாரித்தார். கர்னல் கம்னானின் கூட்டத்தை விசாரித்தார். நல்லவேளை, சேவலும் அலமாரியும் விட்டுப்போயின.

பெயர் கூப்பிடுகிறவர் சவாங் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக விகாரையின் ஒலிபெருக்கி அவர் கையில். அது கையில் இல்லாதபோது மனைவியோடுகூட நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். முப்பது வருஷத்தில் யாரையும் முன்பின் மாற்றிக் கூப்பிட்டதில்லை என்பது அவருக்கு ஒரு பெருமை. ஏழு பேர் பட்டியலை வாங்கிப் பார்த்தவர் லம்யாயைத் தனியே அழைத்தார்.

"ஆறாவது யாரு, ஏழாவது யாரு? ரெண்டு பேருக்கும் நம்பர் போடாம விட்டிருக்கியே."

"நீங்களே பார்த்துச் செய்யுங்க, வாத்தியாரே."

"எப்படிப் பார்த்துச் செய்ய? இவரு பதவில இருக்காரு, ஆனா சின்னப் பதவி. அவரு பெரிய பதவி, ஆனா இல்ல. இருக்கிற சின்னது பெருசா, இல்லாத பெருசு பெருசா? இதுக்கு எந்தப் புஸ்தகத்திலயும் விடை இல்லம்மா."

நாலு மணிக்கு மணி அடித்தது. பெட்டியைச் சுமந்து தகன மேடையை மூன்று சுற்றுச் சுற்றி மேலே ஏற்றினார்கள். சவாங் வாத்தியார் தோங்பாயின் வாழ்க்கையை வாசித்தார். எல்லாருக்கும் வாசிக்கிற அதே தாள்தான். பெயரும் பிறந்த வருஷமும் மட்டும் மாறும்.

"அன்பே உருவானவர். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்."

துறைக்காரர்கள் வரிசையில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

பிறகு பெயர்கள். சந்தைக் கமிட்டிக்காரர், நர்ஸ், பள்ளித் தலைமை ஆசிரியை, இரண்டு கிராமத் தலைவர்கள். ஐந்து பேர் ஏறினார்கள், ஐந்து துணிகள், ஐந்து பிக்குகள். மளமளவென்று முடிந்தது. மணி நாலு பத்து.

வாத்தியார் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். மூச்சு மட்டும் கேட்டது. "அடுத்ததாக," என்றார். மறுபடியும் மூச்சு.

கம்னான் கர்னலை நோக்கிக் கைகூப்பினார். "ஐயா வயசுல மூத்தவரு. நீங்க முதல்ல ஏறுங்க."

கர்னல் அதைவிட உயரமாகக் கைகூப்பினார். "நான் ஓய்வு பெற்றவன், கம்னான். பதவில இருக்கிறவங்களுக்குத்தான் முன்னுரிமை. நீங்க ஏறுங்க."

"ஐயாவுக்கு முட்டி வலி. காத்திருக்க வைக்கலாமா."

"கம்னானுக்குக் கூட்டம் இருக்கு. நேரத்தை வீணாக்கலாமா."

இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. இரண்டு பேர் பின்பக்கமும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உலகமெல்லாம் முதலிடத்துக்கு முட்டிக்கொள்கிறார்கள். கடைசி இடத்துக்கு முட்டிக்கொள்கிற அழகைப் பார்க்க எங்கள் விகாரைக்குத்தான் வர வேண்டும். என்ன வித்தியாசம் என்றால், முதலிடத்துக்குச் சண்டை போடுகிறவன் ஓட வேண்டும். இங்கே உட்கார்ந்திருந்தால் போதும். அதனால் களைப்பு வராது, சண்டை முடியாது.

லம்யாய் குனிந்துகொண்டே கம்னானிடம் போனாள்.

"கம்னான், கொஞ்சம் விட்டுக்கொடுங்க. தம்பி ராத்திரி பிளேன் ஏறணும்."

"எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா," என்றார் கம்னான் உருக்கமாக. "கடைசியில ஏறு, முதல்ல ஏறு, தரையில உட்காருன்னாலும் உட்காருவேன். ஆனா இந்தப் பதவி பன்னெண்டு கிராமத்தோடது. நான் குனிஞ்சா பன்னெண்டு கிராமம் குனிஞ்ச மாதிரி."

கர்னலிடம் போனாள்.

"எனக்கு என்னம்மா, சாகப் போற கிழவன்," என்றார் அவர். "ஆனா இந்த உடுப்பு இருக்கு பாரு, இது என்னோடது இல்ல."

ஆக இரண்டு பேருக்கும் ஆசை இல்லை. ஒருவரைப் பதவி பிடித்து உட்கார வைத்திருந்தது, ஒருவரை உடுப்பு. லம்யாய் பதவியிடமும் உடுப்பிடமும் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். மணி நாலு இருபது.

நேரத்தை ஓட்டவேண்டுமே என்று சவாங் வாத்தியார் வாழ்க்கைக் குறிப்பை மறுபடியும் வாசித்தார். அன்பே உருவானவர் மறுபடியும் வந்தார். வாசித்து முடித்துப் பார்த்தார். நாற்காலிகள் இரண்டும் அப்படியே இருந்தன. தாள் தீர்ந்துவிட்டது. ஒலிபெருக்கி மட்டும் கையில் இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் தாள் இல்லாமல் பேசினார்.

"தோங்பாய் அக்காவைப் பத்தி இன்னும் சொல்லணும்னா," என்று இழுத்தார். "வெள்ளம் வந்த வருஷம் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். நம்ம கம்னான் நிவாரணப் படகு முனையில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாரு. அக்கா கூரைமேல உட்கார்ந்துகிட்டு, 'கம்னான், நீங்க கொஞ்சம் இறங்கினா இன்னும் நாலு பேரு ஏறலாமே' அப்படின்னாங்க."

கூட்டம் சிரித்தது. கர்னல் எல்லாரையும்விட நீளமாகச் சிரித்தார்.

வாத்தியாருக்குச் சிரிப்பின் ருசி தெரிந்துவிட்டது. "கர்னல் ஐயா இன்ஸ்பெக்டரா இருந்த காலத்துல, வரிசையில நிக்காம கான்ஸ்டபிளை அனுப்பிச் சோறு வாங்கிட்டு வரச் சொல்வாரு. அக்கா கான்ஸ்டபிளைத் திருப்பி அனுப்பிட்டாங்க. 'பசி இன்ஸ்பெக்டருக்குன்னா வயிறும் அவருகிட்டதானே இருக்கும், வயித்தைக் கூட்டிட்டு வரச் சொல்லு.'"

இந்தத் தடவை கம்னான் சிரித்தார்.

துறைக்காரி ஒருத்தி எழுந்து எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது என்றாள். அவளுக்குப் பிறகு படகுக்காரர். அதிர்ந்து பேசாதவர் என்று தாளில் இருந்தவளுக்கு, பேசின பேச்செல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. லம்யாயின் தம்பி ஒரு மூலையில் நின்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். லம்யாய்க்கும் ஒரு நிமிஷம் அம்மா பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. அடுத்த நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு முப்பத்திரண்டு.

சமரசம் சொன்னதும் வாத்தியார்தான். "மாண்புமிகு தலைவர்கள் இருவரும் ஒன்றாக, ஒரே நேரத்தில்," என்று அறிவித்தார். மறுக்க வழியில்லை. இருவரும் எழுந்தார்கள். ஆளுக்கொரு துணியை வாங்கிக்கொண்டு தோளோடு தோள் படியில் கால் வைத்தார்கள்.

ஒன்பது படி. எட்டு வயதுப் பிள்ளை எட்டு நொடியில் ஏறிவிடும். முதல் படியில் கர்னலின் முட்டி பிடித்துக்கொண்டது. சரியாகட்டும் என்று கம்னான் காத்திருந்தார். மூன்றாவது படியில் கம்னானின் ஷூ நாடா அவிழ்ந்தது. கட்டட்டும் என்று கர்னல் காத்திருந்தார். அந்த ஷூவுக்கு நாடாவே இல்லை என்று முன்வரிசையில் இருந்த பென்சி பிறகு சத்தியம் பண்ணினாள். ஐந்தாவது படியில் இருவரும் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆறு. அதில் அன்றைக்கு என்ன புதிதாக ஓடியதோ.

ஒரு வழியாக உச்சிக்குப் போனார்கள். பெட்டிக்கு எதிரில் நின்றார்கள். துணியை இரண்டு கையிலும் ஏந்தி, வைக்கிறமாதிரி நீட்டினார்கள். வைக்கவில்லை. இவர் வைக்கட்டும் என்று அவர், அவர் வைக்கட்டும் என்று இவர். பெட்டிக்குள் இருந்தவள் எழுந்து வாங்கிக்கொண்டால்தான் உண்டு என்பதுபோல நாலு கைகள் அந்தரத்தில் நின்றன.

கீழே தலைமை பிக்கு நிழலில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். "நான் ஏறட்டுமா, இல்ல நாற்காலி போடுறீங்களா?" என்று கேட்டார்.

லம்யாய் மேடையின் பின்பக்கம் போய், ஒருவரும் பார்க்காத இடத்தில் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கோபம் மேலே நின்ற இரண்டு பேர்மேல் என்றுதான் முதலில் நினைத்தாள். நினைக்க நினைக்க அது தன்பக்கம் திரும்பியது. யார் அவர்களைக் கூப்பிட்டது? அம்மாவா கேட்டாள்? அம்மா உயிரோடு இருந்தபோது இந்த இரண்டு பேரில் ஒருவரையும் ஒரு தடவைகூட வரிசையில் முன்னால் விட்டதில்லை. பென்சி ஒருத்தியின் வாயை அடைக்கப் போய், அம்மாவைப் பெட்டியில் போட்டு வாசலில் காக்க வைத்துவிட்டோமே என்று இருந்தது அவளுக்கு.

அடுப்பறைக் கதவைத் திறந்துகொண்டு நியம் வெளியே வந்தான். விகாரையில் சிதை எரிக்கிறவன். ஐம்பது வயசு, அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, தோளில் கரித்துணி.

"அக்கா, அடுப்பு சூடாகி அரைமணி நேரம் ஆச்சு. டீசல் வீணாப் போகுது. வைக்கவா, அணைக்கவா?"

"யாரு கடைசின்னு இன்னும் முடிவாகலடா."

நியத்துக்கு விளங்கவில்லை. "கடைசி யாருன்னு எனக்கு எப்படிக்கா தெரியும். எல்லாரும் இறங்கிப் போயிடுவாங்க. அப்புறம் நான்தான் கதவைச் சாத்திட்டுத் தனியா உட்கார்ந்திருப்பேன்."

சொல்லிவிட்டு அவன் மூக்கைச் சொறிந்தான். தான் ஏதோ சொன்னதாக அவனுக்குத் தெரியவில்லை. லம்யாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை கழுவிட்டு வா," என்றாள்.

எட்டாவது துணி கிடையாது. அவள் நேராகத் தலைமை பிக்குவிடம் போய் மண்டியிட்டுக் காதோடு விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. பக்கத்தில் இளம் பிக்கு அடுக்கி வைத்திருந்த துணிகளிலிருந்து மேலே இருந்ததை எடுத்து நீட்டினார். "நர்ஸ் வச்சது. இன்னொரு தடவை வைங்க. துணிக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

சவாங் வாத்தியார்தான் தயங்கினார். "லம்யாய், இவனைக் கடைசியில கூப்பிட்டா நாளைக்கு என்னை யாரும் மதிக்க மாட்டாங்க. முப்பது வருஷம்மா."

"நாளைக்கு உங்களை மதிக்கலேன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க, வாத்தியாரே. அஞ்சு மணிக்குள்ள எங்கம்மா உள்ள போகணும்."

"பேருக்கு முன்னாடி என்ன சொல்றது? அவனுக்குப் பட்டம் ஒண்ணுமில்லையே."

"நீங்க வாத்தியார்தானே. ஒண்ணு கொடுங்க."

வாத்தியார் கண்ணை மூடினார், திறந்தார். ஒலிபெருக்கி கரகரத்தது.

"நிறைவாக, இன்றைய தகன நிகழ்ச்சியின் தலைவர், இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்த ஊரின் பெரியவர் சிறியவர் அனைவரையும் கடைசிவரை உடனிருந்து வழியனுப்பி வைத்தவர், விகாரைத் தகன அடுப்பின் தலைமைப் பொறுப்பாளர், உயர்திரு நியம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

பந்தலில் எல்லாத் தலைகளும் அடுப்பறைப் பக்கம் திரும்பின. நியம் கையை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டு, லம்யாய் கொடுத்த துணியை ஏந்திக்கொண்டு முதல் படியில் செருப்பைக் கழற்றினான்.

மேலே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இரண்டு மண்டைக்குள்ளும் என்ன ஓடியிருக்கும் என்று ஊரில் இன்றுவரை பேசுகிறார்கள். என் கணக்கு இது. கடைசி இடம் போய்விட்டது. இனி அங்கே நிற்கிறவர், நியத்துக்காகக் காத்து நிற்கிறவர். நியத்துக்கு அடுத்த ஒரு படி கீழே நிற்பதைவிட, முந்தி வைத்துவிட்டு இரண்டு படி கீழே போனால், குறைந்தபட்சம் அவன் பக்கத்தில் இல்லை என்று ஆகும். முப்பது நிமிஷம் வைக்காத துணியை இரண்டு பேரும் ஒரே நொடியில் வைத்தார்கள். கை கையோடு இடித்துக்கொண்டது. கர்னல் இறங்கினார் பாருங்கள், முட்டி என்று ஒன்று அவருக்கு எப்போதாவது இருந்ததா என்றே சந்தேகம். கம்னான் அவரை நாலாவது படியில் முந்தினார். ஷூ அவிழவில்லை.

இரண்டு துணிகளில் எது மேலே கிடந்தது, எது கீழே என்று போட்டோக்காரர் கேமராவை உயர்த்துவதற்குள், தலைமை பிக்கு ஏறி வந்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

நியம் பெட்டிக்கு முன்னால் துணியை வைத்தான். எரிக்கிற வேலையில் இருபத்து மூன்று வருஷம் இருந்தும், பெட்டிக்கு முன்பக்கம் நின்று கும்பிடுவது அவனுக்கு முதல் தடவை. என்ன சொல்வது என்று தெரியவில்லைபோல. "அக்கா, உங்க கடையில வரிசையில நின்னுதான் வாங்கியிருக்கேன்," என்று மட்டும் சொன்னான். வாத்தியார் ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்ததால் ஊருக்கே கேட்டது. பிறகு சந்தனச் சீவலில் செய்த பூவில் சடங்கு நெருப்பைத் தொட்டு வைத்தான்; நிஜத் தீ கதவு சாத்திய பிறகுதான்.

ஊர் வரிசையாக ஏறிப் பூ வைத்து இறங்கியது. லம்யாயும் தம்பியும் கடைசியில் போனார்கள். தம்பி பெட்டிமேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. நாலு ஐம்பத்தைந்துக்கு இரும்புக் கதவு சாத்தப்பட்டது. ஐந்துக்குத் தலைமை பிக்குவின் வண்டி கிளம்பியது. ஐந்தரைக்குத் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினான். வேன் பாலம் தாண்டும்வரை புகைபோக்கியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கம்னானும் கர்னலும் லம்யாய் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. ஆனால் அதுவரை எலியும் பூனையுமாக இருந்தவர்கள், இப்போது தினமும் காலையில் துறைக் காப்பிக்கடையில் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். பதவியும் உடுப்பும் சேர்த்து வைக்காத இரண்டு பேரை ஒரே அவமானம் சேர்த்து வைத்துவிட்டது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால், இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்பதைத்தான் பேசுகிறார்கள். அதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

நியம் ஒரு நீளக் கால்சட்டை வாங்கினான். அடுத்த மாதம் அரிசி ஆலைக்காரர் வீட்டுத் தகனத்தில் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று அடுப்பறை வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றான். கூப்பிடவில்லை. நாலு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். சவாங் வாத்தியாரிடம் இப்போதெல்லாம் தாளை வைத்துவிட்டுச் சும்மா பேசுங்கள் என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். அவரும் பேசுகிறார். நிறுத்தத்தான் ஆள் இல்லை.

லம்யாய் அம்மாவின் இடத்தில் கடை போட்டிருக்கிறாள். பெரிய மனிதர் யாரும் வேண்டாம், தலைவர் யாரும் வேண்டாம், அன்றைக்குப் பட்டது போதும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். மனசாரத்தான் சொல்கிறாள்.

போன வாரம் இரண்டு கிராமம் தள்ளி ஒருத்தி சோறு வாங்க வந்தாள். இலையைப் பிரித்துக்கொண்டே, "உங்கம்மா காரியத்துலதானே கம்னானும் கர்னலும் அரைமணி நேரம் மேடையேறிச் சண்டை போட்டாங்களாம்?" என்று கேட்டாள்.

பக்கத்துக் கடையில் பென்சி மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். லம்யாய் இலை மடிப்பதை நிறுத்தினாள். பென்சிக்குக் காதில் விழுகிற அளவுக்குக் குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள்.

"அரைமணி இல்ல," என்றாள். "நாப்பது நிமிஷம்."